பெடலுக்கு எந்த அடாப்டர்? வாசகர் கேள்வி பதில்

கிட்டாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டிகளான எஃபெக்ட்ஸ் பெடல்களுக்குக் கரண்ட் கொடுப்பது பற்றி வந்த கடிதங்களை இந்த மாதம் ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டேன். ஆசைப்பட்டுக் காசு சேர்த்துப் பெடல் வாங்கியவர்களிடம், அதை ஓட்ட இன்னொரு பெரிய தொகை வேண்டும் என்று கடைகளில் சொல்லிவிடுகிறார்கள். பாதிப் பேருக்கு அது உண்மையே இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: என்னிடம் ஐந்து பெடல்கள் இருக்கின்றன. பாஸ் (Boss) நிறுவனத்தின் டியூ-3 ட்யூனர் (சுருதி பார்க்க), டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்க), டிடி-7 டிலே (எதிரொலிக்க), ஆர்வி-6 ரிவர்ப் (பெரிய கூடத்தில் வாசிப்பதுபோல முழக்கம் தர), அதோடு ஐபானெஸ் டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் (லேசான கரகரப்புக்கு). ஒரே அடாப்டரில் ஐந்து முனை வயர் போட்டு ஓட்டுகிறேன். டிலேயைச் சேர்த்ததிலிருந்து, டிஸ்டார்ஷனை மிதித்தால் பின்னால் 'கீ...' என்று மெல்லிய சத்தம் வருகிறது. முனைகள் தனித்தனியாகப் பிரிந்த பவர் சப்ளை பாக்ஸ் வாங்கினால்தான் போகும் என்று கடையில் சொல்கிறார்கள். அதன் விலை என் கிட்டார் விலையைத் தொடுகிறது. மூவாயிரம் ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. என்ன செய்யலாம்?
— கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: மூவாயிரம் தாராளம், தம்பி. அதிலும் மிச்சம் பிடிக்கலாம். அந்தப் பெரிய பாக்ஸ் இப்போதைக்கு உங்களுக்குத் தேவையில்லை.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து உங்கள் பெடல்கள் எவ்வளவு கரண்ட் இழுக்கின்றன என்று கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பெடலின் கையேட்டிலும் மில்லியாம்ப் கணக்கு இருக்கும். உங்கள் ட்யூனர், விளக்கைப் பிரகாசமாக வைத்தால் அதிகபட்சம் 85. டிலே 55. ரிவர்ப் 95. டியூப் ஸ்க்ரீமரும் டிஎஸ்-1 டிஸ்டார்ஷனும் ஆளுக்குப் பத்துக்குள் முடிந்துவிடும். எல்லாம் சேர்த்தாலும் 255 மில்லியாம்ப்தான். மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இடம் விட்டால்கூட 350-ஐத் தாண்டவில்லை. 500 மில்லியாம்ப் தரும் ஒரே ஒரு நல்ல அடாப்டரே ஐந்தையும் சுமந்துவிடும். அதாவது, உங்களுக்குக் கரண்ட் போதாமல் இல்லை. சத்தத்துக்குக் காரணம் வேறு.

டிலே, ரிவர்ப், ட்யூனர் மூன்றும் டிஜிட்டல். உள்ளே ஒரு சிப் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, அது கரண்டைச் சீராக இழுக்காமல் துடிப்புத் துடிப்பாக இழுக்கிறது. ஐந்து முனை வயரில் எல்லாப் பெடல்களுக்கும் மைனஸ் ஒன்றுதான் என்பதால் அந்தத் துடிப்பு மற்ற பெடல்களுக்கும் போகிறது. போதாக்குறைக்கு, பெடலையும் பெடலையும் இணைக்கும் பேட்ச் கேபிளின் வெளிக்கவசமும் அதே மைனஸோடு சேர்ந்திருப்பதால் ஒரு வட்டம் உண்டாகிவிடுகிறது. சுத்தமான கிட்டார் ஒலியில் இது காதில் விழாது. ஆனால் டிஸ்டார்ஷன் பெடலின் வேலையே சின்னச் சத்தத்தைப் பலமடங்கு பெருக்குவதுதான். கிட்டாரைப் பெருக்கும்போது இந்தக் 'கீ'யையும் சேர்த்துப் பெருக்கிவிடுகிறது.

இது நான் இங்கே உட்கார்ந்து ஊகிப்பது. உங்கள் வீட்டில் உறுதி செய்துகொள்ள ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும். டிலேயிலிருந்து அடாப்டர் முனையை உருவிவிட்டு உள்ளே பேட்டரியைப் போடுங்கள், மற்ற நான்கும் அப்படியே இருக்கட்டும், டிஸ்டார்ஷனை மிதித்துக் கேளுங்கள். சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி அகப்பட்டான். நிற்கவில்லை என்றால் ரிவர்பையும் அதேபோலச் செய்து பாருங்கள். இரண்டுக்கும் நிற்கவில்லையென்றால் அடாப்டர் பக்கம் போகாமல் கேபிளையும் கிட்டாரையும் சந்தேகப்படுங்கள்.

நின்றுவிட்டது என்றால், டிலேக்கும் ரிவர்புக்கும் சேர்த்துத் தனியாக இன்னொரு 9 வோல்ட் அடாப்டர் வாங்கிவிடுங்கள். ட்யூனர், டியூப் ஸ்க்ரீமர், டிஸ்டார்ஷன் மூன்றும் பழைய வயரிலேயே இருக்கட்டும். தனித்தனி அடாப்டர் என்றாலே தனித்தனியாகப் பிரிந்த சப்ளைதான். விலையுயர்ந்த பாக்ஸ் இதைத்தான் ஒரே பெட்டிக்குள் அழகாக அடுக்கித் தருகிறது. சுவரில் இரண்டு பிளக் இடம் பிடிக்கும், பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டு அடாப்டரையும் ஆம்ப்ளிஃபயர் சொருகியிருக்கும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுங்கள்.

அடாப்டர் வாங்கும்போது பணத்தை எங்கே போட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரிக்கல் கடைகளில் 3, 4.5, 6, 9, 12 என்று திருப்பி வைத்துக்கொள்ளும் குமிழோடு கனமான கறுப்பு அடாப்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கும். அது வேண்டாம். அதில் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பகுதி பெரும்பாலும் இருப்பதில்லை. 9-இல் வைத்து, எதையும் இணைக்காமல் மல்டிமீட்டரில் பார்த்தால் 12, 13 என்று காட்டும். அதோடு, நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரட்டிப்பாகி 100 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' என்று கிட்டார் வழியாகவே வெளியே வரும். உங்களுக்கு வேண்டியது அந்தக் கட்டுப்படுத்தும் பகுதி உள்ள ரெகுலேட்டட் அடாப்டர். லேபிளில் 9 வோல்ட் டிசி, 500 மில்லியாம்ப் அல்லது அதற்கு மேல், நடுவில் மைனஸ், 5.5-க்கு 2.1 மில்லிமீட்டர் பின். இந்த அமைப்பைப் பாஸ் நிறுவனம் தன் பெடல்களில் கொண்டுவந்தது, இப்போது பெரும்பாலான பெடல்கள் அதையே பின்பற்றுகின்றன. பாஸின் சொந்த அடாப்டரோ, 1700 மில்லியாம்ப் தரும் ட்ரூடோன் ஒன் ஸ்பாட்டோ கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், இந்தியத் தரச் சான்றான ஐ.எஸ். எண்ணும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் அச்சடித்த ஏதாவது ஒரு ரெகுலேட்டட் அடாப்டர். அந்த எண் இல்லாத அடாப்டரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். 230 வோல்ட்டுக்கும் உங்கள் கையிலிருக்கும் கிட்டார் கம்பிக்கும் நடுவில் நிற்பது அந்த அடாப்டருக்குள் இருக்கும் காப்பு மட்டும்தான்.

கேள்வி: என் ஓவர்டிரைவ் பெடலுக்கு 10 மில்லியாம்ப் போதும் என்று போட்டிருக்கிறது. என்னிடம் 2000 மில்லியாம்ப் அடாப்டர்தான் இருக்கிறது. சொருகினால் பெடல் எரிந்துவிடுமா?
— வேலூர்

பதில்: எரியாது. அடாப்டரில் போட்டிருக்கும் மில்லியாம்ப் என்பது அதனால் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்ற கணக்கு. பெடல் தனக்கு வேண்டிய பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். பயப்பட வேண்டியது வோல்ட் மாறுவதற்கும் பிளஸ் மைனஸ் மாறுவதற்கும்தான்.

நேர்மாறான நிலைமைதான் ஆபத்து. ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை போன்ற பெரிய டிஜிட்டல் பெடல்கள் 300 மில்லியாம்ப் கேட்கும். லைன் 6 நிறுவனத்தின் எச்எக்ஸ் ஸ்டாம்ப் 9 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டரோடு வருகிறது. அவற்றை 100 மில்லியாம்ப் முனையில் சொருகினால் திக்கித் திணறி அணைந்து அணைந்து எரியும். சில சமயம் ஒழுங்காக ஓடுவதுபோலவே இருந்து, பாட்டின் நடுவில் ரீஸ்டார்ட் ஆகும். இந்த மாதிரிப் பெடலை அதன் சொந்த அடாப்டரிலேயே விட்டுவிடுவதுதான் மலிவான வழி. அப்புறம், பழைய பச்சை நிற லைன் 6 டிஎல்4 டிலே கிடைத்து வாங்கினீர்கள் என்றால் லேபிளைப் பாருங்கள், அது 9 வோல்ட் ஏசி கேட்கும் பெடல். டிசி அடாப்டர் அதற்கு உதவாது.

கேள்வி: வீட்டில் சும்மா கிடந்த வைஃபை ரூட்டர் அடாப்டர், 9 வோல்ட், 0.6 ஆம்பியர். பின்னும் கச்சிதமாகப் பொருந்தியது. சொருகியதும் பெடலின் விளக்கு எரியவில்லை, லேசாகக் கருகிய வாசனை வந்தது. இப்போது சரியான அடாப்டரைப் போட்டாலும் எரிவதில்லை. பெடல் போய்விட்டதா?
— மதுரை

பதில்: போயிருக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்த மாதிரிக் கடிதம் வருவது இது முதல் தடவை அல்ல, எனவே மற்றவர்களும் கவனித்துப் படியுங்கள்.

ரூட்டர் அடாப்டரின் லேபிளில் ஒரு சின்னப் படம் இருக்கும். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி முழுமையடையாத ஒரு வளையம், இரண்டு பக்கமும் கோடு போட்டு பிளஸ், மைனஸ் குறிகள். புள்ளியிலிருந்து போகும் கோடு பிளஸ் குறியில் முடிந்தால் நடு பின் பிளஸ். ரூட்டர், செட்டாப் பாக்ஸ், சிசிடிவி அடாப்டர்கள் எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். யமஹா கீபோர்டு அடாப்டரும் அப்படித்தான், போதாததற்கு அது 12 வோல்ட். கிட்டார் பெடல்களில் பெரும்பாலானவைக்கு நடுவில் மைனஸ். பின்னின் அளவு ஒன்றேதான் என்பதால் எதிலும் இடிக்காமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். உள்ளே பிளஸ்ஸும் மைனஸும் தலைகீழ்.

பெடல் செய்பவர்களுக்கு இப்படி நடக்கும் என்று தெரியும். அதனால் பல பெடல்களில் கரண்ட் நுழையும் இடத்திலேயே பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்காக ஒரு டையோடு வைத்திருப்பார்கள். சரியாகச் சொருகினால் அது பேசாமல் இருக்கும். மாற்றிச் சொருகினால், வரும் கரண்ட் முழுவதையும் தன் வழியாக இழுத்து, மீதிச் சர்க்யூட்டைக் காப்பாற்றிவிட்டுத் தான் கருகிப்போகும். உங்களுக்கு வந்த வாசனை பெரும்பாலும் அதுதான். கருகிய டையோடு ஷார்ட் ஆகிவிட்டால் சரியான அடாப்டரைப் போட்டாலும் பெடல் எரியாது, ஏனென்றால் கரண்ட் எல்லாம் அந்த வழியாகவே ஓடிவிடுகிறது.

பெடலின் அடித்தகட்டில் இருக்கும் திருகுகளைக் கழற்றுங்கள். அடாப்டர் சொருகும் துளையிலிருந்து போர்டுக்குப் போகும் தடத்தைப் பிடித்துக்கொண்டே பார்த்தால், அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாக, ஒரு முனையில் வெள்ளிக் கோடு போட்ட கறுப்பு உருளை ஒன்று தெரியும். மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து அதன் இரு கால்களிலும் தொடுங்கள். இரண்டு பக்கமும் 'பீப்' அடித்தால் ஷார்ட். 1என்4001 அல்லது 1என்4007 என்று கேட்டால் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் ஓரிரு ரூபாய்க்குக் கொடுப்பார்கள். வெள்ளிக் கோடு முன்பு எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் வைத்து சால்டர் செய்ய வேண்டும். உங்களுக்குக் கை பழக்கம் இல்லையென்றால் தெருமுனை டிவி மெக்கானிக்கிடம் கொடுங்கள், பத்து நிமிட வேலை. புதிய பெடல்களில் டையோடு கடுகளவில் போர்டோடு ஒட்டியிருக்கும், அதைச் செல்போன் ரிப்பேர் செய்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். டையோடு நன்றாக இருந்து, பெடல் மட்டும் எரியவில்லை என்றால் சேதம் உள்ளே போயிருக்கிறது, அப்போது சர்வீஸ்தான்.

கேள்வி: ஆன்லைனில் பத்து முனை பவர் சப்ளை மலிவாக வருகிறது. 'ஐசொலேட்டட்', அதாவது முனைகள் தனித்தனியாகப் பிரிந்தது என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?
— கோயம்புத்தூர்

பதில்: பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம், மல்டிமீட்டரை நம்புங்கள்.

பாக்ஸை மின்சாரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பெடல் எதுவும் இணைந்திருக்கக் கூடாது. இரண்டு முனைகளில் வயரைச் சொருகி, மறுமுனைகளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் 'பீப்' அடிக்கும் கன்டின்யூட்டி நிலையில் வைத்து, ஒரு ஊசியை முதல் பின்னின் நடுத்துளைக்குள்ளும் இன்னொன்றை இரண்டாவது பின்னின் நடுத்துளைக்குள்ளும் விடுங்கள். அதுதான் மைனஸ். 'பீப்' அடித்தால் இரண்டுக்கும் மைனஸ் பொது, ஐசொலேஷன் இல்லை. இதேபோல எல்லா முனைகளையும் முதல் முனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எதிலும் 'பீப்' வரக் கூடாது. ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

உண்மையான ஐசொலேஷன் ஏன் விலை கூடுகிறது என்றால், ஒவ்வொரு முனைக்கும் தனிச் சுற்று வேண்டும். வூடு லேப் நிறுவனத்தின் பெடல் பவர் 2 பிளஸ் போன்றவற்றில், வட்ட வடிவ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றில் எட்டு முனைகளுக்கும் தனித்தனியாகக் கம்பி சுற்றி, ஒவ்வொன்றுக்கும் தனி ரெகுலேட்டர் வைத்திருப்பார்கள். கையில் எடுத்தாலே கனம் தெரியும். இப்போது வரும் சிலவற்றில் உயர் அதிர்வெண்ணில் ஓடும் சின்னச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் இருப்பதால் எடை குறைந்துவிட்டது, ஆகவே எடையை மட்டும் வைத்தும் முடிவு செய்ய முடியாது. மலிவான பாக்ஸ்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: வெளியே ஒரு 18 வோல்ட் அடாப்டர், உள்ளே அதை 9 ஆக்கும் ஒரு சர்க்யூட், அப்புறம் ஒவ்வொரு முனைக்கும் ஒரு ஃபில்டர், ஒரு ஷார்ட் பாதுகாப்பு, ஒரு நீல விளக்கு. ஷார்ட் பாதுகாப்பு நல்ல விஷயம்தான், ஆனால் அது ஐசொலேஷன் ஆகாது.

அதற்காக அந்தப் பாக்ஸே வீண் என்று நான் சொல்லவில்லை. உங்களிடம் இருப்பதெல்லாம் ஓவர்டிரைவ், கம்ப்ரஸர், ஃபேஸர் மாதிரி டிஜிட்டல் சிப் இல்லாத அனலாக் பெடல்கள் என்றால் அது சத்தமில்லாமல் நன்றாகவே வேலை செய்யும். வயர்கள் ஒழுங்காக இருக்கும், ஒரு முனையில் ஷார்ட் ஆனால் மற்றவை தப்பிக்கும். ஐந்து முனை டெய்ஸி செயின் வயரைக் கொஞ்சம் கௌரவமாகப் பெட்டிக்குள் வைத்தது என்று நினைத்து அதற்கான விலையைக் கொடுங்கள். ஐசொலேட்டட் என்று நினைத்து அதற்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எல்லாப் பெடலும் ஒரே வயரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. நண்பர் கொடுத்த ஜெர்மேனியம் ஃபஸ் (பழைய பாணியில் ஒலியைக் கரகரப்பாக்கும்) பெடலைச் சேர்த்ததும் எல்லாம் ஒரேயடியாக அணைந்துவிட்டன. எடுத்துவிட்டால் மறுபடி எரிகின்றன. அது கெட்டுப்போன பெடலா?
— புதுச்சேரி

பதில்: கெட்டுப்போகவில்லை, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 1966-இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் வழியில் செய்த பல பெடல்களில் பிஎன்பி வகை ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் இருக்கும். அவற்றில் கிரவுண்ட், அதாவது சர்க்யூட்டுக்கும் கேபிள் கவசத்துக்கும் பொதுவான இணைப்பு, பிளஸ். மற்ற எல்லாப் பெடல்களிலும் கிரவுண்ட் மைனஸ். பேட்ச் கேபிளின் கவசம் எல்லாக் கிரவுண்டுகளையும் ஒன்றாக இணைக்கிறது இல்லையா, அங்கே உங்கள் அடாப்டரின் பிளஸ்ஸும் மைனஸும் நேரடியாகக் கைகுலுக்கிவிட்டன. நல்ல அடாப்டராக இருந்ததால் தானே அணைந்துகொண்டது. திரும்பத் திரும்பச் செய்து பார்க்காதீர்கள்.

இதற்குத் தனி அடாப்டர்கூட வேண்டாம். இந்த வகை ஃபஸ் இழுப்பது ஒன்றிரண்டு மில்லியாம்ப்தான், ஒரு பேட்டரி மாதக்கணக்கில் வரும். அதுவும் விலை குறைந்த கார்பன்-ஜிங்க் பேட்டரியே போதும். வாசித்து முடித்ததும் கிட்டார் கேபிளை மட்டும் மறக்காமல் உருவிவிடுங்கள், ஏனென்றால் பெரும்பாலான பெடல்களில் இன்புட் ஜாக்கில் கேபிள் இருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: என் மகன் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறான். மைக்கில் உதடு படும்போது 'சுருக்' என்று ஷாக் அடிக்கிறதாம். போதாததற்கு, ஹம் சத்தம் போவதற்காக ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் பெரிய பின்னை ஒருவர் வெட்டிவிட்டாராம். பெடலுக்கு நல்ல பவர் சப்ளை வாங்கிக் கொடுத்தால் இது சரியாகுமா?
— ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: ஆகாது அம்மா. இது பெடல் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. வெட்டிய அந்தப் பின்னை மாற்றும்வரை உங்கள் மகன் அந்த ஆம்ப்ளிஃபயரில் கிட்டாரைச் சொருகக் கூடாது. குழுவில் யார் என்ன சொன்னாலும் சரி, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அந்தப் பெரிய பின்தான் எர்த். கிட்டாரின் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உடலோடு இணைந்திருக்கின்றன. ஆம்ப்ளிஃபயருக்குள் கசிவு ஏற்பட்டால் அது எர்த் வழியாகப் பூமிக்குப் போக வேண்டும். எர்த்தை வெட்டிவிட்டால் கம்பியில் வந்து நிற்கும். மைக்கோ மிக்ஸர் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கும். ஒரு கை கம்பியில், உதடு மைக்கில் என்றால் நடுவில் இருப்பது உடல். 1972 மே 3 அன்று வேல்ஸில் உள்ள ஸ்வான்சீ நகரில் 'ஸ்டோன் த க்ரோஸ்' குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி மேடையிலேயே, ரசிகர்களின் கண் முன்னால், மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். அவருக்கு வயது 27. எர்த் சரியாக இல்லாததுதான் காரணம்.

பிளக்கை மாற்றுங்கள். அதோடு நின்றுவிடாமல், ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து ஆலயத்தின் பிளக் பாயின்ட்டுகளில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். மூன்று துளை இருக்கும், பின்னால் எர்த் வயரே இருக்காது என்பதைப் பழைய கட்டடங்களில் நிறையப் பார்க்கலாம். 30 மில்லியாம்ப் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றை மேடைக்குப் போகும் லைனில் போடச் சொல்லுங்கள். குழுவிடம் பேசிப் பணம் சேர்த்தாவது இதைச் செய்ய வேண்டும். ஆம்ப்ளிஃபயரும் மிக்ஸரும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுத்தால் ஹம் பெருமளவு குறையும். அதற்கும் அடங்காவிட்டால், கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியை, கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ளதாக வாங்கி, அதன் வழியாக மிக்ஸருக்குக் கொடுக்கலாம். அந்தச் சுவிட்ச் சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும்தான் பிரிக்கும், மின்சார எர்த்தைத் தொடாது.

கேள்வி: நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கிறேன். வீட்டில் 12 வோல்ட் 2 ஆம்பியர் சிசிடிவி அடாப்டர் இருக்கிறது. 9 வோல்ட் தரும் 7809 ரெகுலேட்டர் வைத்து நானே பெடல் சப்ளை செய்யலாமா?
— சேலம்

பதில்: செய்யுங்கள், நல்ல யோசனை. 7809-க்கு வெளியே வருவதைவிட உள்ளே குறைந்தது 2 வோல்ட் அதிகமாக வேண்டும், உங்களிடம் 3 வோல்ட் இடைவெளி இருக்கிறது. 300 மில்லியாம்ப் எடுத்தால் 0.9 வாட் சூடு, 500 எடுத்தால் 1.5 வாட். சின்ன அலுமினிய ஹீட் சிங்க் ஒன்றைத் திருகிவிடுங்கள். ரெகுலேட்டரின் உலோக முதுகு கிரவுண்டோடு சேர்ந்தது, ஆகவே உலோகப் பெட்டியில் நேரடியாக முடுக்கினால் பெட்டியும் கிரவுண்ட் ஆகிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 0.33, வெளியே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்களைக் கால்களை ஒட்டியே வையுங்கள், வெளியே கூடுதலாக 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் ஒன்று.

பலர் தவறவிடும் ஒரு விஷயம்: முதல் பதிலில் சொன்ன 100 ஹெர்ட்ஸ் ஹம்மை 7809 நன்றாக அடக்கும், ஆனால் சிசிடிவி அடாப்டர் பல்லாயிரம் ஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகும் வகை, அந்த வேகத்தில் ரெகுலேட்டரின் அடக்கும் திறன் குறைந்துவிடும். அதனால் உள்ளே வரும் பிளஸ் லைனில் 100 மைக்ரோஹென்றி சோக் (கம்பிச்சுருள்) ஒன்றும் அதன் பின்னால் 470 மைக்ரோஃபாரட்டும் போடுங்கள். சோக்குக்குப் பதிலாக ரெசிஸ்டர் போடலாம் என்று தோன்றும்; 4.7 ஓம் போட்டால் 300 மில்லியாம்பில் 1.4 வோல்ட் அங்கேயே தொலைந்து, ரெகுலேட்டருக்கு இடைவெளி போதாமல் போய்விடும். அடாப்டர் நடு பிளஸ்ஸோடு வருகிறது, பெடலுக்குப் போகும் பின்னில் நடு மைனஸ் ஆக வேண்டும். பெடலைச் சொருகுவதற்கு முன்னால் மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இது எல்லா முனைகளுக்கும் ஒரே மைனஸ் உள்ள சப்ளைதான், ஆகவே திருச்சி மாணவருக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்: டிஜிட்டல் பெடலுக்கு இன்னொன்று தனியாக.

கேள்வி: பவர் பேங்கிலிருந்து பெடலை ஓட்ட முடியுமா? கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் வாசிக்கும்போது மட்டும் 'ஜ்ர்ர்' என்று வருகிறது.
— தஞ்சாவூர்

பதில்: முடியும். 5 வோல்ட்டை 9 ஆக்கும் யூஎஸ்பி கேபிள் கிடைக்கிறது. நடு பின் மைனஸா என்று பாருங்கள், பல கேபிள்கள் ரூட்டருக்காகச் செய்தவை. ஒரே ஒரு ஓவர்டிரைவை மட்டும் இணைத்தால், இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் பல பவர் பேங்குகள் 'எதுவும் இணைக்கவில்லை' என்று எண்ணித் தானே அணைந்துவிடும். ட்யூனரோ டிலேயோ கூட இருந்தால் அணையாமல் ஓடும். மலிவான கேபிள்கள் கொஞ்சம் இரையும். டிஸ்டார்ஷனோடு சோதித்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டர் சத்தம் பெடலிலிருந்து வருவதில்லை. சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கும், அதன் கூர்மையான விளிம்புகள் ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக உள்ளே வருகின்றன. சைன் அலை இன்வெர்ட்டரில் இது இருக்காது. இதற்காகப் பெடல் சப்ளையை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள். கரண்ட் வரும்வரை பேட்டரியில் ஓடும் சின்னப் பயிற்சி ஆம்ப்ளிஃபயரில் வாசியுங்கள்.

கேள்வி: 9 வோல்ட் பெடலுக்கு 12 அல்லது 18 வோல்ட் கொடுத்தால் ஒலி இன்னும் திறந்து வரும் என்கிறார்களே?
— சென்னை

பதில்: சில ஓவர்டிரைவ்களில் உண்மைதான், சிக்னல் ஏறி இறங்க உள்ளே இடம் கூடுவதால் ஒலி சீக்கிரம் நசுங்காது. ஆனால் கையேட்டில் 18 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருந்தால் மட்டும். உள்ளே 16 வோல்ட் வரை மட்டும் தாங்கும் கெபாசிட்டர்கள் இருக்கலாம். 9 வோல்ட்டையே உள்ளே இரட்டிப்பாக்கும் மேக்ஸ்1044 சிப் இருந்தால் அதன் உச்ச வரம்பே 10.5 வோல்ட், 12 கொடுத்தால் அந்த இடத்திலேயே போய்விடும். டிஜிட்டல் பெடலுக்குக் கூடுதல் வோல்ட்டால் ஒலியில் லாபம் ஏதும் கிடையாது. கையேடு இல்லையென்றால் 9 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.